புகை போக ஒரு வழி, காற்று வர ஒரு வழி

போன மார்கழியில் ஒரு நாள் காலை. குளித்துவிட்டு வந்த அம்மா, ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னமோ தெரியலடா, ரெண்டு நாளா குளிச்சிட்டு வந்தா தலை கிறுகிறுங்குது" என்றார். பிரஷராக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சமையலறையில் புது எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கும் பனிக்கும் கொசுவுக்கும் பயந்து வீட்டு ஜன்னல் எல்லாம் மூடியிருந்தன. குளியலறையில் கேஸ் கீஸர். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு காபி குடிக்கும் நேரம் ஆனது.

கீஸரை அணைத்துவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் தலைப்பக்கம், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் பிடித்தேன். புகை குழாய்க்குள் ஏறிப் போக வேண்டும். போகவில்லை. குழாயிலிருந்து யாரோ ஊதுவதுபோல என் முகத்துக்கு நேராகத் திரும்பி வந்தது. தம்பியைக் கூப்பிட்டு எக்ஸாஸ்டை நிறுத்தச் சொன்னேன். சில நொடிகளில் புகை தடுமாறி, நிமிர்ந்து, மேலே ஏற ஆரம்பித்தது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி திரும்பி வந்தது.

அம்மாவின் தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் அளவீடு எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்த இரண்டையும் ஒன்றாக ஓட விடவில்லை. கூரையில் எக்ஸாஸ்ட் பொருத்துவது பற்றி அப்போது நான் எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். வீட்டில் இந்த வேலை செய்யப் போகிறவர்கள், ஃபேன் வாங்கும் முன்பே படித்தால் நல்லது. நான் மாட்டிய பிறகு படித்தவன்.

எங்கள் வீடு ஒரே தளம், மேலே மொட்டை மாடி. சமையலறையின் ஒரு பக்கச் சுவர் கூடத்தோடு ஒட்டியது. மறுபக்கச் சுவருக்கு வெளியே இரண்டடிச் சந்து, அதை அடுத்துப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல். அந்தச் சுவரில் எக்ஸாஸ்ட் வைத்தால் எங்கள் வீட்டு வெங்காய வாசனை அவர்கள் தலையணைக்குப் போகும். அதனால்தான் கூரை வழியாக என்று முடிவு செய்தோம். "சார், மேல ஃபேன மாட்டிட்டா போதும். காத்து தானா வந்துக்கும்" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது முழுக்க உண்மை. காற்று தானாக வந்துகொண்டது. எந்த வழியாக என்பதைத்தான் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எல்லாம் பாஸ்கல் கணக்கு

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் அலகு போதும்: அழுத்தத்தை அளக்கும் பாஸ்கல். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைப் பரப்பினால், அது தரும் அழுத்தம் ஏறக்குறைய 10 பாஸ்கல். அவ்வளவு சின்ன அளவு. ஆனால் வீட்டுக்குள் காற்று நகர்வது எல்லாம் இந்தச் சின்ன அளவுகளில்தான்.

சமையலறையில் சூடான காற்று மேலே ஏறுகிறது அல்லவா, அதன் பலம் எவ்வளவு? உள்ளே வெளியைவிட 10 டிகிரி கூடுதல் சூடு, உயரம் 3 மீட்டர் என்று வைத்தால், கணக்குப்படி சுமார் 1 பாஸ்கல். நம் பழைய ஓட்டு வீடுகளில் அடுக்களைக்கு மேலே இருந்த புகைக்கூண்டு இந்த ஒரு பாஸ்கலை நம்பித்தான் வேலை செய்தது. அது வேலை செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொல்லைக் கதவு நாள் முழுக்கத் திறந்து கிடக்கும். புகை மேலே போகப் போக, கதவு வழியாகக் காற்று கீழே வந்துகொண்டே இருக்கும். யாரும் அதைக் காற்று வரும் வழி என்று பெயர் வைத்து அமைக்கவில்லை. ஆனால் வழி இருந்தது.

அடுத்தது கீஸர். ஒன்றரை மீட்டர் உயரப் புகைக்குழாயில் 120 டிகிரி சூட்டில் புகை போகிறது, வெளியே 30 டிகிரி என்றால், அதன் இழுவை சுமார் 4 பாஸ்கல். கீஸரின் நச்சுப் புகையை வெளியே தள்ளும் மொத்த பலமும் இந்த நான்கு பாஸ்கல்தான்.

இப்போது ஃபேன். இறக்கை வைத்த சாதாரண எக்ஸாஸ்ட் சில பத்து பாஸ்கல் தரும். கூரைக்கென்று வரும் மையவிலக்கு ப்ளோயர்கள் 200, 300 பாஸ்கல்கூடத் தரும். மூடிய வீட்டில் இதை ஓட விட்டால் கீஸர் குழாயின் 4 பாஸ்கல் எந்த மூலைக்கு? குழாய் திசை மாறிவிடுகிறது. புகை போகும் வழியாக இருந்தது, காற்று வரும் வழியாக ஆகிவிடுகிறது. அப்படி வரும் காற்றோடு கார்பன் மோனாக்சைடும் வரலாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று சாதாரணமாகத் தொடங்கும். பூட்டிய குளியலறைக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவே நேரமாகும். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் குறைந்தால் கீஸர் இன்னும் அதிகமாக மோனாக்சைடைக் கக்கும்.

உள்ளே வரும் வழி எவ்வளவு பெரியது?

எங்கள் சமையலறை 10 அடிக்கு 8 அடி, உயரம் 10 அடி. கன அளவு 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். தாளிப்பும் பொரிப்பும் நடக்கும் அடுக்களையில் மணிக்கு இருபது முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் மணிக்கு 450 கன மீட்டர் வெளியே போக வேண்டும். வெளியே போன அதே 450 உள்ளே வந்தாக வேண்டும். இதில் பேரமே கிடையாது.

சமையலறைக் கதவை மூடினால், கதவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடுக்கு. அகலம் 80 சென்டிமீட்டர். ஃபேன் 30 பாஸ்கல் பலத்தில் இழுத்தாலும் இந்த இடுக்கு வழியாக மணிக்கு 120 கன மீட்டர்தான் வரும். நாம் 450-க்கு ஃபேன் வாங்கியிருப்போம். கிடைப்பது கால் பங்கு. "ஃபேன் நல்லா இழுக்கலையே, இன்னும் பெருசா வாங்கணுமோ" என்று தோன்றும். பெரிதாக வாங்கினால் இழுவை கூடும், காற்று அந்த அளவுக்குக் கூடாது. மற்ற இடுக்குகளிலிருந்து வரும். காய்ந்து கிடக்கும் குளியலறை ட்ராப் வழியாகச் சாக்கடை நாற்றம் வரும். கதவு டமார் என்று சாத்தும். 30 பாஸ்கல் என்பது சாதாரணக் கதவின் முழுப் பரப்பில் ஐந்து கிலோ எடையை வைத்து அழுத்துவது போல. எக்ஸாஸ்ட் ஓடும்போது கதவைத் திறக்க இழுபறியாக இருக்கிறதா? அதுதான் முதல் எச்சரிக்கை.

கீஸரின் 4 பாஸ்கலைத் தோற்கடிக்காமல் இருக்க வேண்டுமானால், அறைக்குள் உருவாகும் இழுவை 2 பாஸ்கலைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 பாஸ்கலில் 450 கன மீட்டர் நுழைய வேண்டும் என்றால், தடையில்லாத திறப்பு சுமார் ஒன்றேகால் சதுர அடி வேண்டும். கொசுவலை அடித்தால் திறப்பின் ஒரு பகுதியை வலையே தின்றுவிடும். அதனால் இரண்டு சதுர அடி வைத்துக்கொள்வது நல்லது. எப்போதும் திறந்திருக்கும்படி வேண்டும். மூட முடிகிற ஜன்னலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மார்கழியில் யாராவது மூடிவிடுவார்கள்.

அந்தத் திறப்பு எங்கே? அடுப்புக்கு எதிர்ப்புறம், தாழ்வாக. அப்போதுதான் புதுக் காற்று அறையைக் கடந்து, அடுப்பின் மேலாகச் சூட்டையும் புகையையும் சேர்த்துக்கொண்டு மேலே போகும். அடுப்புக்கு நேர் பின்னால் வைத்தால் இரண்டு தொல்லை. காற்று அடுக்களையைச் சுற்றாமல் குறுக்கு வழியில் கூரைக்குப் போய்விடும். அதைவிட மோசம், சிம்மில் எரியும் பர்னரை ஊதி அணைத்துவிடும். தீ அணைந்த பர்னரிலிருந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

எதை வெளியேற்றுகிறோம், எதை முடியாது

எண்ணெய் வாடை மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்கிறோம். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபத்திரண்டு லிட்டருக்கும் மேல் தண்ணீரை நம் சமையலறைக்குள் விட்டிருக்கிறோம். சோறு வெந்த ஆவி இதில் சேரவில்லை. அலமாரிக் கதவு உப்பிப் போவது, சுவர் மூலையில் பூஞ்சை கட்டுவது எல்லாம் இதனால்தான். பொரிக்கும் புகையும் சும்மா இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதிக சூட்டில் பொரிக்கும்போது வரும் புகையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்று கருதப்படும் 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே எக்ஸாஸ்ட் தேவைதான். நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் கூரை எக்ஸாஸ்ட் செய்யாது, செய்ய வைக்கவும் கூடாது. கேஸ் கசிவு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை. கசிந்தால் தரையில்தான் தேங்கும். கூரையில் இருக்கும் ஃபேன் அதைத் தேடி இறங்கி வராது. கேஸ் நாற்றம் அடிக்கும்போது பதறிப்போய் எக்ஸாஸ்டைப் போடுவது பலர் செய்வது. ஸ்விட்சில் வரும் ஒரு பொறி போதும். எந்த ஸ்விட்சையும் தொடாமல், போட்டிருப்பதை அணைக்கவும் செய்யாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். அதற்காகத்தான் அந்த எண் இருக்கிறது. தாழ்வாக வைக்கச் சொன்ன அந்தக் காற்றுத் திறப்பு இங்கேயும் உதவும். தரையோடு தரையாக இருந்தால் தேங்கிய கேஸ் கொஞ்சமாவது வெளியேற வழி கிடைக்கும்.

தளத்தில் துளை

துளைக்குச் சரியான நேரம், தளம் போடும்போதுதான். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, காங்கிரீட் ஊற்றும் முன் ஒரு ஸ்லீவ் குழாயை வைத்துவிட்டால் பிறகு உடைக்கவே வேண்டாம். துளையைச் சுற்றி கூடுதல் கம்பியும் கட்டிக்கொள்ளலாம். புது வீடு கட்டுகிறவர்கள் இப்போதே பொறியாளரிடம் சொல்லி வையுங்கள். பிற்பாடு ஃபேன் வைக்காவிட்டாலும் ஒரு மூடி போட்டு விடலாம்.

எங்களைப் போல ஏற்கெனவே கட்டிய வீடு என்றால் கோர் கட்டிங். வட்டமான வைர பிட் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கும். சம்மட்டியும் உளியும் வைத்து உடைக்கிற வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். அந்த அதிர்ச்சியில் சுற்றுப்புறக் காங்கிரீட்டில் மயிரிழை விரிசல் விழும். மழை அதைக் கண்டுபிடித்துவிடும்.

வீட்டுத் தளங்களின் கனம் பெரும்பாலும் நான்கரை, ஐந்து அங்குலம். அதற்குள் ஆறு அங்குலம் போன்ற இடைவெளியில் கம்பிகள் இரு திசையிலும் ஓடும். எட்டு அங்குலத் துளை போட்டால் ஓரிரண்டு கம்பி அறுபட வாய்ப்பு உண்டு. கம்பி எங்கே என்று காட்டும் கருவி உண்டு. அதை வைத்துக் குறித்து, துளையை நகர்த்தி, முடிந்தவரை கம்பியைத் தவிர்க்க வேண்டும். பீமில் கை வைக்கவே கூடாது. தூணை ஒட்டியும் கூடாது. பால்கனிபோல நீட்டிக்கொண்டிருக்கும் தளத்திலும் கூடாது. நம் ஊரில் கரண்ட் வயர் போகும் பைப்புகளும் தளத்துக்குள்ளேயேதான் புதைந்திருக்கும். லைட் பாயின்டிலிருந்து சுவருக்குப் போகும் பாதையை யோசித்து விலகி நில்லுங்கள். துளை போடும்போது அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு, பிற்பாடு ஆகும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. எட்டு அங்குல விட்டம், ஐந்து அங்குலக் கனம் உள்ள காங்கிரீட் வில்லை கிட்டத்தட்ட பத்து கிலோ இருக்கும். மேலே நின்று அறுப்பவருக்கு அது எப்போது கழன்று விழும் என்று தெரியாது. கீழே அடுப்பு இருக்கிறது. சிலிண்டரைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, அடுப்பை நகர்த்திவிட்டு, துளைக்கு நேர் கீழே முட்டுக் கொடுத்து, ஆட்கள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்ட பிறகுதான் மெஷினை ஓட விட வேண்டும்.

மழை

ஐப்பசி, கார்த்திகை மழை சும்மா விடாது. மாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டு ஓடு பதித்திருப்பார்கள். துளை போட்டதும் அந்த அடுக்கின் வெட்டு முகம் திறந்துவிடுகிறது. அதன் வழியாக நுழையும் தண்ணீர் ஓட்டுக்கு அடியிலேயே ஓடி, துளைக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில் ஒழுகும்.

அதனால் துளையைச் சுற்றிலும் ஓட்டைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, காங்கிரீட் தளத்தோடு ஒட்டி ஒரு திண்டு எழுப்ப வேண்டும். முடிந்த தள மட்டத்திலிருந்து குறைந்தது எட்டு அங்குல உயரம். திண்டும் தளமும் சேரும் கோணத்தைச் சாய்வாகப் பூசி, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சைத் தளத்திலிருந்து திண்டின் தலைவரை ஒரே விரிப்பாக ஏற்ற வேண்டும். ஃபேனின் அடித்தகடு திண்டுக்கு மேலே தொப்பி மாதிரி வெளியே நீட்டி, கீழே மடங்கி இருக்க வேண்டும். சீலன்ட் மட்டும் நம்பி வேலை செய்தால் ஒரே வெயிலில் அது வெடித்துவிடும். மழைநீர்க் குழாய்க்குத் தண்ணீர் ஓடும் வழியில் திண்டு குறுக்கே நிற்கக்கூடாது. நின்றால் பின்னால் குட்டை கட்டும். வேலை முடிந்ததும் சுற்றிலும் பாத்தி கட்டி ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். ஃபேனை அதற்குப் பிறகு வையுங்கள்.

குழாயும் வாயும்

குழாய் உலோகமாக இருக்கட்டும். பி.வி.சி. 80 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும், எண்ணெய் படிந்த குழாயில் தீ ஏறினால் அதுவும் சேர்ந்து எரியும். சுருக்கம் சுருக்கமாக இருக்கும் அலுமினிய ஃப்ளெக்ஸ் குழாயின் ஒவ்வொரு சுருக்கமும் எண்ணெய் தேங்கும் கிண்ணம். வழவழப்பான ஜி.ஐ. அல்லது ஸ்டீல் குழாய்தான் சரி.

விட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே அளவு காற்றை ஆறு அங்குலக் குழாய்க்குப் பதிலாக நான்கு அங்குலக் குழாயில் அனுப்பினால் உராய்வுத் தடை ஏழு மடங்குக்கு மேல் கூடும். ஆறு அங்குலத்தில் மணிக்கு 450 கன மீட்டர் போனால் வேகம் நொடிக்கு 7 மீட்டரை நெருங்கும். இதற்கு ப்ளோயர் வகைதான் ஈடுகொடுக்கும். இறக்கை ஃபேன் வேண்டும் என்றால் பத்து அங்குலத் திறப்பாவது வேண்டும், அதில் வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டருக்குக் குறைந்துவிடும். குறுகிய குழாயில் இறக்கை ஃபேன் என்ற கூட்டு மட்டும் வேண்டாம். சத்தம் வரும், புகை போகாது.

நேர்க்குத்தான குழாயில் படியும் எண்ணெயும் குளிர்ந்த நீரும் ஒரு நாள் சொட்டத்தான் செய்யும். சொட்டினால் அடுப்பில். எனவே குழாயின் அடியில் எண்ணெய்க் கிண்ணமும், கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியும் வேண்டும். மேலே அணில், புறா நுழையாமல் அரை அங்குலக் கண் வலை. கொசுவலையை மேலே அடித்துவிடாதீர்கள். இரண்டு மாதத்தில் பிசுக்கேறி, துணி மாதிரி அடைத்துக்கொள்ளும். கடாயில் தீப்பிடித்தால் முதலில் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள், தீயைக் குழாய்க்குள் இழுத்துவிடும்.

வெளியே வாய் எங்கே திறக்கிறது என்பதும் முக்கியம். நொடிக்கு 5 மீட்டர் காற்று நேராக வாய்க்குள் அடித்தால் 15 பாஸ்கல் எதிர்ப்பு. 10 மீட்டர் என்றால் 60. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் காற்று சுழலும் இடத்தில் தாழ்வாக வைத்தால் விட்ட புகை படிக்கட்டு வழியாக வீட்டுக்கே திரும்பும். சுவரைவிட உயரமாக, எந்தத் திசைக் காற்றும் நேராக நுழையாத மூடியோடு வையுங்கள். தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி, சோலார் தகடு, பக்கத்து வீட்டு ஜன்னல், இந்த நான்கிலிருந்தும் தள்ளி.

மாடியில் நிற்பவர், கீழே ஸ்விட்ச்

ஃபேன் மாடியில், ஸ்விட்ச் சமையலறையில். ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் தடவை சுத்தம் செய்ய நான் மேலே ஏறியபோது கீழே ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன். மூடியைக் கழற்றி, துணியை உள்ளே விடப்போகும் நேரத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. தம்பி தோசை ஊற்ற வந்திருக்கிறான், வழக்கம்போல் தட்டியிருக்கிறான். அவன்மேல் தப்பில்லை. என் விரல்கள் அன்று வெளியே இருந்தது அதிர்ஷ்டம்.

அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி, மாடியில் ஃபேனுக்குப் பக்கத்திலேயே மழை புகாத பெட்டியில் ஒரு ஐசொலேட்டர் வைத்தோம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கிற வகை. மேலே ஏறுபவர் தன் கையால் அணைத்து, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ளலாம். ஃபேனுக்குத் தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு, உடம்புக்கு முறையான எர்த். மழையில் நனையும் உலோகப் பெட்டிக்கு எர்த் இல்லாமல் இருப்பது, கொடிக் கம்பியைத் தொடும் எல்லோரையும் பந்தயம் வைப்பது. கரண்டை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கும், உள்ளே பிரிக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஃபேன் இடம் அமைத்தால் ஒவ்வொரு முறை சுத்தம் செய்யவும் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆறடியாவது உள்ளே தள்ளி வைத்தால் அந்தக் கவலை இல்லை. ஈர மாடியில் ஏறவே வேண்டாம். சமையலறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கிறவர்கள் அதன்மேல் கால் வைக்காதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காமல் உடையும். அதைத் துளைப்பதால் பறக்கும் தூசும் நுரையீரலுக்குக் கேடு. அங்கே சுவர் வழியைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிந்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் கேஸ் வாடை எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மார்கழி மாதிரி வீட்டை மூடுங்கள். எக்ஸாஸ்டை முழு வேகத்தில் விடுங்கள். கீஸர் அணைந்தே இருக்கட்டும். அதன் புகைக்குழாய் வாயில் ஊதுபத்தி பிடியுங்கள். புகை உள்ளே திரும்பினால் அதற்கு மேல் சோதனை வேண்டாம், விடை கிடைத்துவிட்டது. அந்த நிலையில் கீஸரைப் பற்ற வைத்துப் பார்க்காதீர்கள். பிறகு காற்றுத் திறப்பைத் திறந்து மறுபடி பாருங்கள்.

எங்கள் வீட்டில் கொல்லைப்புறச் சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மூட முடியாத இரும்பு லூவர் ஒன்று வைத்தோம். ஊதுபத்திப் புகை சரியாக மேலே ஏறியது. இருந்தும் கீஸரைக் குளியலறையிலிருந்து எடுத்து, வெளியே திறந்த துணி துவைக்கும் இடத்துச் சுவருக்கு மாற்றிவிட்டோம். லூவரை என்றைக்காவது யாராவது சாக்கு வைத்து அடைப்பார்கள். பாதுகாப்பு அந்தச் சாக்கைத் தாண்டி நிற்க வேண்டும் இல்லையா? கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். இதுவரை அது சோதனைப் பொத்தானுக்கு மட்டும்தான் கத்தியிருக்கிறது.

லூவர் வைக்க வந்த அதே மேஸ்திரி, வேலை முடிந்ததும் ஃபேனைப் போட்டுவிட்டு கையை லூவர் முன்னால் நீட்டிப் பார்த்தார். குளிர்ந்த காற்று ஓடி வந்தது. "இத மொதல்ல வச்சிருந்தா ஃபேன் சின்னதே போதுமாயிருந்திருக்கும் சார்" என்றார். உண்மைதான். நான் செய்த வரிசை தலைகீழ். முதலில் காற்று வரும் வழி, அடுத்து வீட்டில் புகைக்குழாய் உள்ள வேறு எந்தச் சாதனமும் இருக்கிறதா என்ற பார்வை, பிறகு துளை, பிறகு திண்டு, கடைசியில்தான் ஃபேன். நீங்கள் அந்த வரிசையில் செய்யுங்கள்.